மாட்டுக்கு கள்ளத்தனமா ஹார்மோன் போட்டிருக்காங்களா? உடம்புல கிடைக்கிற தடயத்தை வச்சு கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவு ரீயூனியன்ல நம்ம மல்பார் குடும்பங்கள்ல, அதாவது இங்க இருக்கிற தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள்ல, நிறைய வீட்டுக்குள்ள மாட்டுக்கறியே வராது, ஆனா அதே வீட்டுப் பசங்க வெட்னரி டெக்னீஷியனாவும் லேப்லயும் அபத்துவார்லயும் (அறுப்புக் கூடம்) வேலை பாக்குறாங்க, பாண்டி காரைக்கால்ல இருந்து வந்து இங்க செட்டில் ஆனவங்கள்லயும் அப்படி ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும். இந்தத் தீவுல யாரோ ஹார்மோன் போடுறாங்கன்னு நான் சொல்ல வரல, போட்டா எப்படித் தெரியும்ங்கிறதுதான் பேச்சு. என் கருத்தையும் முதல்லயே சொல்லிடுறேன்: பயோமார்க்கரை, அதாவது மருந்து மாட்டு உடம்புல விட்டுட்டுப் போற தடயத்தை, வச்சு எந்தப் பண்ணையில தேடணும்னு முடிவு பண்ணலாம், அதை மட்டும் வச்சு ஒருத்தன் மேல கேஸ் போட முடியாது, அதுவும் இங்க மேயுற மாட்டை ஐரோப்பா மாட்டோட அளவுகோல்ல அளந்தா தேடுற இடமே தப்பாப் போயிடும்.

படி 1: எது தடை, எது மருந்துன்னு பிரிச்சுக்கோங்க

நாம பிரான்ஸ், அதனால ஐரோப்பிய யூனியன் சட்டம் இங்கயும் அப்படியே செல்லும். 1981-ல ஸ்டில்பீன்ங்கிற செயற்கை ஈஸ்ட்ரோஜன் வகையையும் தைராய்டை அமுக்குற மருந்தையும் தடை பண்ணாங்க, 1988-ல வளர்ச்சிக்குப் போடுற ஹார்மோன் மொத்தத்துக்கும் தடை வந்துச்சு, 1996-ல 96/22 டைரக்டிவ்ல கொழுப்பைக் குறைச்சு தசையைக் கூட்டுற பீட்டா அகோனிஸ்ட்டையும் சேர்த்து ஒரே சட்டமா ஆக்கினாங்க. அமெரிக்காவுல இது சட்டப்படியே நடக்குது, எஸ்ட்ராடையால், டெஸ்டோஸ்டிரோன், புரொஜெஸ்டிரோன், ட்ரென்போலோன், ஜெரனால் அஞ்சையும் காதோட பின்பக்கத் தோலுக்கு அடியில மாத்திரையா வைக்கிறாங்க, மெலென்ஜெஸ்ட்ரால் அசிட்டேட்டை தீவனத்துல கலந்து கிடேரிக்குக் குடுக்குறாங்க. அவ்வளவு தூரம் ஏன், தென்னாப்பிரிக்காவுலயே காதுல வைக்கிற இந்த இம்ப்ளாண்ட்டும் ஜில்பேட்டரால்ங்கிற பீட்டா அகோனிஸ்ட்டும் சட்டப்படி புழங்குது.

இன்னொரு பக்கம், இதுல சிலது இங்கயே டாக்டர் சீட்டோட மருந்தாவும் வரும். பசுவை ஒரே சமயத்துல பருவத்துக்குக் கொண்டு வர புரொஜெஸ்டிரோன் போடுவாங்க, கன்னு போடும்போது கர்ப்பப்பையைத் தளர்த்த கிளென்பியூட்டரால்ங்கிற பீட்டா அகோனிஸ்ட் போடுவாங்க, வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் சர்வ சாதாரணம். அதனால பண்ணைக்குள்ள போனதும் கேக்க வேண்டியது மருந்துப் பதிவேடும் சீட்டும்தான். அதைப் பாக்காம எந்த ரிசல்ட்டையும் வாசிக்காதீங்க.

படி 2: மருந்தை நேராத் தேடினா ஏன் சிக்க மாட்டேங்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

மூலக்கூறை எடையை வச்சு அடையாளம் காட்டுற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷின் இருக்கும்போது இந்தச் சுத்து வழி எதுக்குன்னு கேப்பாங்க. மூணு காரணம். ஒண்ணு, திருட்டுத்தனமா போடுறவன் ஒரே மருந்தை நிறையப் போட மாட்டான், நாலஞ்சைக் கலந்து ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டா போடுவான், ஒவ்வொண்ணும் லேபோட எல்லைக்குக் கீழ போயிடும் ஆனா மாட்டோட உடம்புல மொத்த வேலையும் சேர்ந்து நடக்கும். ரெண்டு, லேப் தெரிஞ்ச லிஸ்ட்டைத்தான் தேடும், ஸ்டீராய்டுல ஒரு மூலையை மாத்தி புதுசா ஒண்ணு செஞ்சா லிஸ்ட்ல இருக்காது. மூணாவதுதான் பெரிய தலைவலி, எஸ்ட்ராடையாலும் டெஸ்டோஸ்டிரோனும் மாட்டுக்குள்ளயே ஊறுற சரக்கு, யூரின்ல இருக்குன்னு சொல்றதால ஒண்ணும் நிரூபணம் ஆகாது.

ஆனா மருந்து போன பிறகும் அது செஞ்ச வேலை கொஞ்ச நாள் நிக்கும், சுரப்பி மாறியிருக்கும், ரத்தத்துல புரோட்டீன் ஏறி இறங்கியிருக்கும், ஜீன் கூடவோ கம்மியாவோ வேலை செஞ்சிட்டிருக்கும். அந்த வேலையைத் தேடுறதுதான் பயோமார்க்கர் வழி.

இது வெறும் பேப்பர் விவகாரம் இல்லைங்கிறதுக்கு ரெண்டு சம்பவம். 1990-ல ஸ்பெயின்ல கிளென்பியூட்டரால் இருந்த மாட்டு ஈரல் சாப்பிட்டு 135 பேருக்கு கை நடுக்கம், படபடப்பு. 1995 பிப்ரவரியில பெல்ஜியத்துல ஹார்மோன் கும்பலைத் துரத்திட்டிருந்த வெட்னரி இன்ஸ்பெக்டர் காரெல் வான் நோப்பனை சுட்டே கொன்னுட்டாங்க.

படி 3: எந்த மருந்துக்கு எந்தத் தடயம்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க

எல்லாத்தையும் எல்லா மாட்டுலயும் தேட முடியாது, காசும் இல்லை ஆளும் இல்லை. மாட்டோட வயசு, ஆணா பொண்ணா, எப்படி வளர்த்தாங்க, இதைப் பாத்து சந்தேகத்தைச் சுருக்கணும்.

ஈஸ்ட்ரோஜன் போட்ட ஆண் கன்னுல பால்காம்பு நீண்டிருக்கும், மூத்திரக் குழாய்ப் பக்கத்துல இருக்கிற பல்போயுரீத்ரல் சுரப்பியும் புரோஸ்டேட்டும் மாறும், அங்க புரொஜெஸ்டிரோன் ரிசப்டர் (ஹார்மோன் வந்து ஒட்டுற புரோட்டீன்) ஜீன் கூடுதலா வேலை செய்யும். ஆண் ஹார்மோன் போட்ட காளைக்கு மூளையில இருந்து வந்து விதையைத் தூண்டுற எல்.எச். ஹார்மோன் அமுங்கி விதை சின்னதாகும், கிடேரிக்குப் போட்டா பெண்குறி பெருசாகும், இதெல்லாம் கண்ணாலயே பாக்கலாம், ஆனா டோஸ் கம்மியா இருந்தா தெரியாது.

டெக்சாமெத்தசோன் மாதிரி கார்ட்டிசோன் வகைக்கு தைமஸ் சுரப்பி சுருங்கும், பதட்டத்துல ஏறுற கார்ட்டிசால் ஹார்மோன் ரத்தத்துல விழும், எலும்புல இருந்து வர்ற ஆஸ்டியோகால்சின் புரோட்டீன் விழும். இது மூணும் சேர்ந்து வந்தா எனக்கு நம்பிக்கை வரும், ஒண்ணு மட்டும் வந்தா வராது. தைராய்டு அமுக்கிக்கு தைராய்டு வீங்கும், அறுத்ததும் எடை போட்டாலே போதும், அந்த மருந்துல மாடு ஏத்துற எடையில பெரும்பங்கு தண்ணியும் வயித்துல நிக்கிற தீவனமும்தான்ங்கிறது தனிக் கூத்து. கறவை மாட்டுக்குப் போடுற வளர்ச்சி ஹார்மோன் ஆர்.பி.எஸ்.டி.க்கு வளர்ச்சியைத் தூண்டுற ஐ.ஜி.எஃப் 1 புரோட்டீன் ரத்தத்துல ஏறுதா, அந்த மருந்துக்கு எதிரா ஆன்டிபாடி வந்திருக்கான்னு பாப்பாங்க. பீட்டா அகோனிஸ்ட்டுக்கு யூரின் சில நாள்தான் பேசும், ஆனா கிளென்பியூட்டரால் கருப்பு நிறமியில போய் ஒட்டிக்கும், அதனால கண்ணோட ரெட்டினாவுலயும் கருத்த முடியிலயும் மாசக் கணக்குல நிக்கும். வெள்ளை முடியை வெட்டி அனுப்பிட்டு நெகட்டிவ்னு சந்தோஷப்படாதீங்க.

படி 4: நம்ம மாட்டோட நார்மலை முதல்ல சேருங்க

இதுக்குத்தான் நான் அதிக இடம் குடுப்பேன், ஏன்னா புத்தகத்துல இருக்கிற எல்லைகள்ல நிறைய ஐரோப்பாவுல தொழுவத்துல கட்டி வளர்த்த கன்னுங்கள்ல இருந்து வந்தது. நம்ம ப்ளேன் தே காஃப்ர்ல மாடு 1,500 மீட்டருக்கு மேல மலையில மேயுது, கிக்கூயு புல் திங்குது, கீழ கரும்பு வெட்டு நடக்கும்போது கரும்புத் தோகையும் சோகையும் வருது, லிமூசின், ப்ளோன்ட் தாகிதேன் ஒரு பக்கம் இருக்கு, நாட்டு மோக்கா மாடு இன்னொரு பக்கம். உண்ணி கடிச்சு அனாப்ளாஸ்மா, பாபேசியாங்கிற ரத்த நோய் வருது, மாட்டு ஈ வேற ரத்தம் குடிக்குது, மாட்டு லூக்கோஸ் வைரஸும் இந்தத் தீவுல பரவலா இருக்கிறதுதான்.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்களோட ஜீன் அளவை வச்சு மார்க்கர் பாக்குறவங்களுக்கு லூக்கோஸ் இருக்கிற மாடு முழுக் கணக்கையும் கவுத்துடும், ஏன்னா அந்த வைரஸ் உக்காருறதே லிம்போசைட்ங்கிற வெள்ளை அணுவுலதான். அனாப்ளாஸ்மா காய்ச்சல் வந்த மாட்டுல அழற்சி புரோட்டீன் எல்லாம் ஏறிக் கிடக்கும், அதைப் பாத்துட்டு மருந்துன்னு சொன்னா அநியாயம். 2024 ஜனவரியில பெலால், 2025 பிப்ரவரியில கரான்ஸ்னு புயல் வந்துச்சே, அந்த மாதிரி வாரத்துல எடுத்த கார்ட்டிசால் நம்பரை நார்மல் லிஸ்ட்ல சேர்க்கவே கூடாது.

அதனால மருந்தே போடலன்னு உறுதியாத் தெரிஞ்ச மாடுகள்ல இருந்து இனம், வயசு, ஆண் பெண், செனையா இல்லையா, உயரம், தீவனம், சீசன் எல்லாம் குறிச்சு நார்மல் சாம்பிள் எடுத்து வைங்க. வெயில் காலத்துலயும் குளிர் காலத்துலயும் தனித்தனியா எடுங்க. இது சலிப்பான வேலை, யாரும் பாராட்ட மாட்டாங்க, ஆனா இது இல்லாம மீதிப் படி எல்லாம் வீண்.

படி 5: சாம்பிள் எடுக்கிறது

உயிரோட இருக்கிற பசுன்னா வாலைத் தூக்கிப் பிடிச்சு, யோனிக்குக் கீழ தோலை விரலால மேலயும் கீழயும் மெதுவாத் தடவிக்கிட்டே இருங்க, அவசரப்படாம இருந்தா தானா விடும், முதல் பீச்சலை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க. காளைக்கு குறி உறைப் பக்கம் நீவணும், அதுக்குப் பொறுமை டபுளா வேணும், உதை வாங்காம நிக்கிற இடத்தையும் பாத்துக்கோங்க. சாணி ஒரு துளி விழுந்தாலும் அந்த டப்பாவைக் கொட்டிட்டு புதுசா எடுங்க. ஏன் இவ்வளவு கறார்னா, சாணியில இருக்கிற செடிக் கொழுப்பு, அதான் பைட்டோஸ்டீரால், கிருமி பட்டு போல்டெனோனா மாறும், போல்டெனோன் தடை செஞ்ச ஸ்டீராய்டு, சுத்தமான பண்ணைக்காரன் மேல பழி விழும். அறுப்புக் கூடத்துல இந்தத் தொல்லை இல்லை, மூத்திரப் பையில நேரா ஊசி குத்தி உறிஞ்சிடலாம். எங்க எடுத்தாலும் ஏ சாம்பிள், பி சாம்பிள்னு ரெண்டாப் பிரிச்சு சீல் வச்சு மைனஸ் 20-ல போட்டுடுங்க. கொஞ்சம் தாராளமாவே எடுங்க, படி 10-ல வர்ற டெஸ்ட் நிறையக் கேக்கும்.

ரத்தம் எடுக்கும்போது நுரை கட்டாம எடுக்கணும், சிவப்பணு உடைஞ்சு சீரம் சிவந்துட்டா ஆஸ்டியோகால்சின் நம்பரை நம்ப முடியாது. சீக்கிரம் பிரிச்சு குளிர்ல வைங்க. முடியை தோலோட ஒட்ட வெட்டுங்க, கருத்த பக்கத்துல. ஜீன் அளவு பாக்கப் போறீங்கன்னா திசுவை எடுத்த கையோட சின்னத் துண்டா நறுக்கி ஆர்.என்.ஏ. காக்குற திரவத்துல போடணும், டீ குடிச்சிட்டு வந்து பண்ணலாம்னு நினைச்சா ஆர்.என்.ஏ. போயே போச்சு.

இங்க இருந்து பாரிஸ் 9,000 கிலோமீட்டருக்கு மேல. ஹார்மோனுக்கு பிரான்ஸோட தேசிய ரெஃபரன்ஸ் லேப் நாந்த்ல இருக்கிற லாபெர்கா, சிக்கலான கேஸ் அங்க போகணும்னா ஐஸ் உருகாம போகணும், அதனால பெட்டிக்குள்ள டெம்பரேச்சர் பதியிற சின்ன ரெக்கார்டர் ஒண்ணு போடாம எதையும் பிளேன்ல ஏத்தாதீங்க.

படி 6: அறுத்த பிறகு சுரப்பியைப் பாருங்க

லேட்டஸ்ட் மெஷின் எல்லாம் வந்தாலும் எனக்கு இது மேலதான் மரியாதை அதிகம், இத்தாலியில தேசிய கண்காணிப்புலயே திசுப் பரிசோதனையைச் சேர்த்து வச்சிருக்காங்க. ஆண் கன்னுல இடுப்பெலும்புக்குள்ள மூத்திரக் குழாயோட பின்பக்கம் ரெண்டு பக்கமும் உருண்டையா உக்காந்திருக்கும் பல்போயுரீத்ரல் சுரப்பி, தசை மூடியிருக்கும், விரலால தடவிப் பாத்துட்டு வெட்டணும். புரோஸ்டேட்டுல பெரும்பாகம் மூத்திரக் குழாயோட சுவத்துக்குள்ளயே பரவிக் கிடக்கும், அதனால குழாயோட சேர்த்து குறுக்கா ஒரு வளையம் எடுங்க. துண்டு தடிப்பு ஒரு சென்டிமீட்டருக்கு கம்மியா இருக்கட்டும், 10 சதவீத ஃபார்மலின் திசுவைப் போல பத்து மடங்கு ஊத்துங்க, இல்லன்னா நடுப்பகுதி அழுகிடும்.

மைக்ராஸ்கோப்ல நல்ல சுரப்பியில ஒரே வரிசையா சளி நிறைஞ்ச உயரமான செல்லு, உட்கரு அடியில ஒதுங்கி இருக்கும். ஈஸ்ட்ரோஜன் பட்டதுல அந்த ஒத்தை வரிசை போய் தட்டையான செல்லு அடுக்கடுக்கா, தோலு மாதிரி ஆகிடும், நாளத்தோட வாய் அடைபட ஆரம்பிக்கும். ஸ்க்வாமஸ் மெட்டாப்ளாசியாங்கிறது இதுதான். ஒரு இடத்துல மட்டும் இருந்தா பழைய இன்ஃபெக்‌ஷனாவும் இருக்கலாம், பல வெட்டுல பரவலா இருந்தா சந்தேகம்னு எழுதுங்க. கிடேரியில யோனி வாசல் பக்கம் இருக்கிற பார்த்தோலின் சுரப்பியைப் பாருங்க.

தைமஸை கழுத்துல இருந்தும் நெஞ்சுக்குள்ள இருந்தும் எடுங்க. கார்ட்டிசோன் போட்ட கன்னுல வெளி அடுக்கு மெலிஞ்சு இடையில கொழுப்பு நுழைஞ்சிருக்கும். வயசானாலும், நோயில நாளாக் கிடந்தாலும் தைமஸ் இப்படித்தான் சுருங்கும், அதனால வயசு சேராத கன்னுங்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடக் கூடாது.

படி 7: லேப் ஸ்கிரீனிங்

இதுல ரெண்டு பாதை. ஒண்ணு ரிசப்டர் டெஸ்ட், ஹாலந்துல வாகனிங்கன்ல பண்ணின ஈஸ்ட் டெஸ்ட் இதுல பேர் போனது. ஈஸ்ட்டுக்குள்ள மனுஷனோட ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரையும் பச்சையா ஒளிர்ற புரோட்டீனையும் வச்சிருப்பாங்க, சாம்பிள்ல ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யுற எது இருந்தாலும் பச்சை ஒளிரும், பேரே தெரியாத புது மருந்தா இருந்தாலும் விடாது. தீவனத்தையும் ஊசி பாட்டிலையும் சோதிக்க இது ரொம்ப நல்லது.

இன்னொண்ணு மெட்டபாலோமிக்ஸ், யூரின்ல இருக்கிற ஆயிரக்கணக்கான சின்ன மூலக்கூறை ஹை ரெசல்யூஷன் மாஸ் ஸ்பெக்ல ஒட்டுமொத்தமா அளந்து, மருந்து போட்ட கூட்டமும் போடாத கூட்டமும் எங்க பிரியுதுன்னு கம்ப்யூட்டரை வச்சு மாடல் கட்டுறது. யூரின் கெட்டியா தண்ணியாங்கிறதை ஸ்பெசிஃபிக் கிராவிட்டி வச்சு சரிக்கட்டாம ஓட்டினா, மாடு தண்ணி குடிச்சதா இல்லையான்னுதான் மாடல் சொல்லும். கட்டின மாடலை அதே மாட்டுல சோதிச்சு 98 சதவீதம்னு சொல்றவங்களை நம்பாதீங்க, வேற பண்ணை, வேற சீசன் மாட்டுல சோதிச்ச நம்பரைக் கேளுங்க.

படி 8: நம்பரை வாசிக்கிறது

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். 1,000 மாட்டுல நிஜமாவே மருந்து போட்டது 2-ன்னு வைங்க, உங்க டெஸ்ட் நல்ல மாட்டுல 95 சதவீதத்தை நல்லதுன்னு சரியா சொல்லுது. மிச்ச 998-ல கிட்டத்தட்ட 50 மாட்டைத் தப்பா பிடிக்கும். அந்த ரெண்டையும் சேர்த்து 52 மாடு சிவப்பு, அதுல நிஜம் 2. இதை வச்சு 52 பேர் வீட்டுக்குப் போலீஸ் அனுப்ப முடியுமா?

ஆனா ஒரே பண்ணையில பத்து மாடு எடுத்து அதுல எட்டு ஒரே பக்கமா சாஞ்சா அது தற்செயல் இல்லை, தீவனமோ நோயோ மருந்தோ ஏதோ ஒண்ணு அங்க பொதுவா நடக்குது. அதனால மாடு மாடா பாக்காம மந்தையா பாருங்க. ஒரு மார்க்கர் போதாது, தனித்தனி வழியா வர்ற ரெண்டு மூணு மார்க்கர் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லணும்.

படி 9: பொய்யா காட்டுற விஷயங்களை ஒவ்வொண்ணா கழிங்க

செனைப் பசுவோட யூரின்ல தடை செஞ்ச ஸ்டீராய்டு நாண்ட்ரலோனோட ஒரு வடிவமான 17 ஆல்ஃபா நாண்ட்ரலோன் இயற்கையாவே வரும், அதனால செனைச் சோதனை பண்ணாம நாண்ட்ரலோன் பேச்சே எடுக்காதீங்க. தீவனத்துல ஃப்யூசேரியம் பூஞ்சை பிடிச்சா அதோட நச்சு ஜியரலினோன் மாட்டு உடம்புல ஜெரனாலா மாறும், நம்ம மழைக்கும் ஈரத்துக்கும் மக்காச்சோளம் வச்சிருக்கிற ஷெட்டு எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா, அதனால ஜெரனாலை மட்டும் பாக்காம ஜியரலினோன் குடும்பத்தையே அளந்து விகிதத்தைப் பாக்கணும், தீவன சாம்பிளும் கூடவே போகணும். முட்டைக்கோஸ், கடுகு வகைச் செடி தின்ன மாட்டுல தயோயூராசில்ங்கிற தைராய்டு அமுக்கி கொஞ்சமா வரும். ரொம்ப பயந்து மிரண்ட மாட்டுல கார்ட்டிசோன் வகையான பிரெட்னிசோலோன் தானா வரும், லாரியில மலையில இருந்து வளைஞ்சு வளைஞ்சு இறங்கி வந்த மாட்டுக்கு மிரட்சி இருக்காதா.

படி 10: உறுதி பண்றது

இங்கதான் மறுபடியும் கெமிஸ்ட்ரிக்கு வரணும். ஐரோப்பிய யூனியனோட 2021/808 ரெகுலேஷன்படி தடை செஞ்ச பொருள்னா குறைஞ்சது 5 ஐடென்டிஃபிகேஷன் பாயிண்ட், அதாவது பொருள் இதுதான்னு அடையாளம் காட்டுற புள்ளி, கிடைக்கணும். முடியில எஸ்ட்ராடையால் பென்சோயேட் மாதிரி எஸ்டர், அதாவது ஹார்மோனோட ஒரு அமிலத்தைச் சேர்த்துச் செஞ்ச வடிவம், அப்படியே முழுசா கிடைச்சா கதை முடிஞ்சுது, ஏன்னா அந்த வடிவம் எந்த மாடும் தானா பண்ணாது, ஊசியிலதான் வரும்.

எஸ்டர் கிடைக்கல, டெஸ்டோஸ்டிரோன் மட்டும் சந்தேகமா இருக்குன்னா கார்பன் ஐசோடோப் டெஸ்ட். ஃபேக்டரி ஸ்டீராய்டை பெரும்பாலும் சோயா மாதிரி செடியில இருந்து பண்றாங்க, அந்த வகைச் செடியில கார்பன் 13ங்கிற கனமான கார்பன் கம்மி, சுமாரா மைனஸ் 27 பெர் மில் (ஆயிரத்துக்கு இத்தனைங்கிற அளவு) பக்கம். மக்காச்சோளம், கரும்பு, கிக்கூயு மாதிரி செடியில அது மைனஸ் 13 பக்கம். மாடு தின்னதுதான் அதோட சொந்த ஸ்டீராய்டுல வரும், அதனால யூரின்ல டெஸ்டோஸ்டிரோன் கழிவையும், ஊசி தொடாத டி.எச்.இ.ஏ. மாதிரி மாட்டோட சொந்த ஸ்டீராய்டு ஒண்ணையும் அளந்து ரெண்டுக்கும் இடைவெளி பாக்குறாங்க. ஐரோப்பாவுல வெறும் குளிர்நாட்டுப் புல் தின்ன மாட்டுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னு லேபைக் குழப்பும். நம்ம கிக்கூயு, கரும்புத்தோகை மாட்டுல சொந்தச் சரக்கு ஒரு மூலையில, ஃபேக்டரி சரக்கு இன்னொரு மூலையில நிக்கும், நம்ம தீவு மேய்ச்சல் நமக்கு சாதகமா இருக்கிற ஒரே இடம் இதுதான்னு கூட சொல்லலாம். ஆனா மேட்டுல ரே கிராஸ்ங்கிற குளிர்நாட்டுப் புல் விதைச்ச மேய்ச்சலும் இருக்கு, கப்பல்ல வர்ற தீவனத்துல சோயாவும் மக்காச்சோளமும் கலந்தே வருது, அப்ப இடைவெளி சுருங்கிடும். அதனால சாம்பிள் ஃபார்ம்ல தீவனக் கட்டத்துல வெறும் புல்லுன்னு எழுதாம எந்தப் புல், எந்த மூட்டைத் தீவனம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, கடைசி ரெண்டு மாசத்துல எப்ப மாத்தினாங்கன்னு எழுதுங்க, தீவனம் மாறினாலும் ஸ்டீராய்டுல கார்பன் மாற வாரக் கணக்குல ஆகும். ரிசல்ட் வர்ற வரைக்கும் பி சாம்பிள் சீலைத் தொடாதீங்க, ரிப்போர்ட்ல மார்க்கர் ரிசல்ட்டுக்கு நேரா சந்தேகம்னு மட்டும் எழுதுங்க, ஐசோடோப்போ எஸ்டரோ வந்த பிறகுதான் மருந்தோட பேரை எழுதணும்.